யாருடைய மானம்?

பெண்கள் வேலைக்குச் செல்லலாமா கூடாதா என்பது பள்ளிகளிலும் மன்றங்களிலும் நெடுங்காலமாக நடந்துவரும் சொற்போர்களுள் ஒன்று. ஓரணி குடும்பத்தின் நலிவை எடுத்துரைக்கும். மற்றோர் அணி பொருளாதார விடுதலையை முழங்கும். நடுவர் இரண்டிலும் உண்மை உண்டு என்று கூறி, இரு சாராரையும் வாழ்த்தி முடிப்பார். அந்த மேடைகளில் பெரும்பாலும் எழாத வினா ஒன்றுண்டு. வேலைக்குச் சென்ற பெண் அந்த வேலையை எதற்காக விடலாம்? கணவன் சொன்னால் விடலாம் என்பதற்கு மரபு உடனே இசைவளிக்கும். குழந்தைக்காக விடலாம் என்பதற்கும் மறுப்பிராது. ஆயின், இனத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் வேறான, உடன் வேலை பார்ப்பவள் என்பதைத் தவிர வேறு தொடர்பற்ற இன்னொரு பெண்ணின் மானத்துக்காக விடலாமா? அதுவும், வீட்டில் ஆறு உயிர்கள் அந்த ஊதியம் ஒன்றையே நம்பியிருக்கும் வேளையில்?

சத்யஜித் ரே 1963ஆம் ஆண்டில் இயக்கி வெளியிட்ட 'மகாநகர்' என்னும் வங்காளத் திரைப்படம் இந்த வினாவை நோக்கியே மெல்ல மெல்ல நடந்து செல்கிறது. வங்க எழுத்தாளர் நரேந்திரநாத் மித்ராவின் 'அவதரணிகா' என்னும் சிறுகதை இதற்கு அடிப்படை. மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை இப்படம் ரேக்குப் பெற்றுத் தந்தது. கதை நிகழும் இடம் கல்கத்தா. காலம் 1950களின் நடுப்பகுதி. 1947இல் வங்காளம் இரண்டாகப் பிளக்கப்பட்டபின் கிழக்கிலிருந்து வந்து குவிந்த குடும்பங்களால் அந்நகரம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய குடும்பங்களில் ஒன்றே மஜும்தார் குடும்பம். அவர்களின் பூர்வீகம் பாப்னா மாவட்டம். வங்கி ஊழியனாகிய சுப்ரதோ, அவன் மனைவி ஆரதி, சிறுவன் பிண்ட்டு, பள்ளி மாணவியாகிய தங்கை பாணி, வயது முதிர்ந்த பெற்றோர் ஆகியோர் ஒண்டுக் குடித்தனத்துச் சிற்றறைகளுக்குள் வாழ்கின்றனர்.

சுப்ரதோ கொடியவன் அல்லன். இதனை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. மனைவியை அடிப்பவனோ வைபவனோ அல்லன், சிரிக்கத் தெரிந்தவன், அவளிடம் உண்மையான அன்புடையவன். ஆயினும் படத்தின் தொடக்கத்திலேயே, எவ்வளவு படித்தாலும் கடைசியில் அடுப்பங்கரைதானே என்னும் கருத்துப்படத் தங்கையைக் கேலி செய்கிறான். பெண்ணின் இடம் வீடே என்னும் ஆங்கில முதுமொழியையும் புன்னகையோடு எடுத்துவிடுகிறான். அதே சுப்ரதோதான், தெரிந்த ஒருவரின் மனைவி வேலைக்குப் போகும் செய்தியைப் பேச்சுவாக்கில் கூறி, ஆரதியின் மனத்தில் அவ்வெண்ணத்தை விதைக்கிறான். விதைத்தவன் அது முளைக்குமென்று எதிர்பார்க்கவில்லை. நல்ல கணவன்மார் பலரின் முற்போக்கு இவ்வளவினதே. கொள்கையளவில் இசைவார்கள், காலை ஒன்பது மணிக்கு மனைவி காலணி அணிந்து வாசலைக் கடக்கும்போதுதான் தங்கள் கொள்கையின் எடை அவர்களுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குக் குறுந்தொகையின் 135ஆம் பாடல் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆண்மக்களுக்கு உயிராவது அவர்கள் செய்யும் தொழில், மனையில் உறையும் மகளிர்க்கு உயிராவது அவ்வாண்மக்களே என்னும் கருத்து பாலை பாடிய பெருங்கடுங்கோவின் அப்பாடலில் வருகிறது. அக்கருத்தைச் சங்கத் தமிழர் வகுத்த சட்டம் போல எடுத்தாள்வோர் உளர். பாடலை ஊன்றி நோக்கினால் செய்தி வேறு. அப்படி நமக்குச் சொன்னவர் அவரே ஆதலால் அவர் உன்னைப் பிரிந்து செல்லார், அழாதே என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அதாவது, அவ்வரையறை தலைவனின் கூற்று. தோழி அதனை அவனுக்கு எதிராகவே திருப்பிப் பிடிக்கிறாள். தொழிலே ஆணின் உயிர் என்று நம்பும் ஒருவன் தொழிலை இழந்தால் என்னாவான், அவ்வுயிர் மனைவியின் கைக்கு மாறினால் என்னாவான் என்பது அப்பாடலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சுப்ரதோவின் துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆரதி பெறும் வேலை, வசதி படைத்தோர் வீடுகளுக்குச் சென்று பின்னல் இயந்திரங்களை விற்பது. அந்நியர் வீட்டுக் கதவைத் தட்ட முதலில் அவள் கை தயங்குகிறது. பிறகு தயக்கம் தீர்கிறது. தன் சொல்லுக்குப் பிறர் செவிசாய்க்கிறார்கள் என்பதை வாழ்வில் முதன்முறையாக அவள் அறிகிறாள். முதல் ஊதியம் பெற்ற நாளில் கண்ணாடியின் முன் நின்று அந்தப் பணத்தாள்களையும் தன் முகத்தையும் அவள் பார்த்துக்கொள்ளும் காட்சி, மாதவி முகர்ஜியின் நடிப்பில் மறக்கவொண்ணாதது. அது பேராசையன்று. தான் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு உலகம் எழுதிக் கொடுத்த சான்று அவள் கையில் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஏதேனும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். எல்லாரும் மகிழ்கின்றனர், மாமனார் ஒருவரைத் தவிர.

அந்த மாமனாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் ஆசிரியர்களை உறுத்தக்கூடிய பாத்திரம் அவரே. பிரியகோபால் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கண் மங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடி வாங்கப் பணமில்லை. பரிசு கிடைக்குமென்ற நம்பிக்கையில் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். மருமகள் வேலைக்குப் போவது தம் குலப்பெருமைக்கு இழுக்கு என்று கருதி மகனோடு பேச்சை முறித்துக்கொள்கிறார். மருமகள் உழைத்துக் கொணரும் பணத்தை ஏற்க அவர் மனம் இடம் தரவில்லை. ஆனால் தாம் கற்பித்து இன்று கண் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வசதியோடு வாழும் பழைய மாணவர்களைத் தேடிச் செல்ல அவர் மனம் இடம் தருகிறது! மகன் தம்மைக் கவனிக்கவில்லை என்று அவர்களிடம் முறையிடுகிறார். குருதட்சிணை என்னும் பெயரால் உதவி பெறுகிறார். அவ்வாறு சென்ற ஓரிடத்தில் உடல் நலிந்து விழவும் நேர்கிறது.

மாணவனிடம் இரந்தால் மானம் போகாது, மருமகளிடம் பெற்றால் போகும் என்பது என்ன கணக்கு? மாணவன் ஆண், அவனுடைய செல்வத்தில் தமக்கு ஒரு பங்கு உண்டு என்று அவர் கருதுகிறார். மருமகளின் உழைப்போ வீட்டிற்குள் இருந்தவரை அவருக்கு உரியதாகவே இருந்தது. அவள் சமைத்ததை உண்டார், அவள் துவைத்ததை உடுத்தார், அப்போதெல்லாம் மானம் குறுக்கே நிற்கவில்லை. அதே உழைப்பு காசாக மாறி அவள் கைப்பைக்குள் வந்தவுடன் அது தீண்டத்தகாததாயிற்று. ஆக, அவர் வெறுத்தது அவளுடைய உழைப்பையன்று, அவ்வுழைப்புக்கு ஒரு விலை உண்டென்று வெளிப்பட்டதையே. அந்த முதியவரை ரே ஏளனம் செய்யவில்லை என்பதும் கருதத்தக்கது. வாழ்நாள் முழுதும் பிறர் பிள்ளைகளை மேலேற்றிவிட்டு, தாம் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்ட ஒருவரின் கசப்பு அது. அதற்குக் காரணமானது சமுதாயம். அவர் தண்டிப்பதோ மருமகளை.

மகள் பொருளீட்டுவதைச் சமுதாயம் இவ்வளவு எதிர்த்ததில்லை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த 'மேகே டாக்கா தாரா' என்னும் படத்தில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை மூத்த மகள் நீதா தாங்குகிறாள். தாங்கித் தேய்ந்து, காச நோய்க்கு இரையாகிறாள். கே. பாலசந்தர் 1974இல் தமிழில் அளித்த 'அவள் ஒரு தொடர்கதை'யின் கவிதாவும் அத்தகையவளே. வேலைக்குச் செல்லும் மகள் தியாகத் திருவுருவாகப் போற்றப்படுகிறாள். அவள் தன் ஊதியத்தால் தனக்கென ஒன்றையும் அடையாதவரை எவருக்கும் அச்சமில்லை. மனைவியின் நிலை வேறு. அவள் அருகில் ஓர் ஆண் இருக்கிறான். அவள் நிமிரும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் தான் ஓரங்குலம் குறைவதாக அவன் அளந்துகொண்டிருக்கிறான்.

சுப்ரதோவின் அளவுகோல் விரைவில் வெளிப்படுகிறது. வீட்டின் அமைதி குலைகிறது, குழந்தை ஏங்குகிறது, தந்தை பேச மறுக்கிறார் என்னும் காரணங்களை முன்வைத்து ஆரதி வேலையை விட்டுவிட வேண்டுமென்கிறான். தான் வேறொரு பகுதிநேர வேலை தேடிக்கொள்வதாகக் கூறுகிறான். பணிவிலகல் கடிதமும் எழுதப்படுகிறது. ஆரதி மனமின்றி அதை எடுத்துச் செல்கிறாள். அதே நாளில் சுப்ரதோ பணிபுரியும் வங்கி முறிகிறது. பணத்தைப் போட்டவர்கள் வாசலில் திரண்டு கூச்சலிடுகின்றனர். அவன் பதறிப்போய்த் தொலைபேசியில் மனைவியை அழைத்து, வேலையை விட்டுவிடாதே என்று வேண்டுகிறான். காலையில் குடும்ப மானத்துக்குக் கேடாக இருந்த வேலை, பிற்பகலில் குடும்பத்தின் உயிராகிவிட்டது. ஆரதி வேலையை விட வேண்டும் என்பதும் அவன் முடிவு, விடக்கூடாது என்பதும் அவன் முடிவு. அந்த ஒரே நாளில் இரு முறையும் அவளுடைய விருப்பம் கேட்கப்படவில்லை என்பதைப் படம் உரக்கச் சொல்வதில்லை. காண்போர் தாமே உணர்ந்துகொள்ள விட்டுவிடுகிறது.

இனி, படத்தின் நடுவே இருக்கும் உதட்டுச் சாயத்துக்கு வரலாம். ஆரதியோடு வேலை பார்ப்போருள் எடித் சிம்மன்ஸ் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி. அவள் பேசுவது ஆங்கிலம். குட்டைப் பாவாடை உடுத்துபவள். ஊதியத்தையும் தரகையும் அஞ்சாது கேட்டுப் பெறுபவள். ஆரதிக்கு உதட்டுச் சாயத்தை அறிமுகப்படுத்துபவள் அவளே. குங்குமம் இட்டுக்கொள்ளும் நீ இதை ஏன் இட்டுக்கொள்ளலாகாது என்னும் எளிய தருக்கம் அவளுடையது. ஆரதி அதை அலுவல் நேரத்தில் மட்டும் பூசிக்கொண்டு, வீடு திரும்புமுன் துடைத்துவிடுகிறாள். ஒருநாள் அது கணவன் கண்ணில் படுகிறது. அவன் சொற்களில் ஏறிய நஞ்சைக் கேட்டு, அவள் அச்சாயத்தைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறாள்.

அவள் எறிந்தது ஒரு சிறு ஒப்பனைப் பொருள். ஆயின், அதை எறிந்ததன்மூலம் கணவனின் ஐயத்துக்கு அவள் ஒரு முறை தலைவணங்கினாள் என்பதை மறக்கலாகாது. வெளியே செல்லும் பெண்ணின் ஒழுக்கம் ஐயத்துக்கு உரியது. அந்த ஐயத்தைப் போக்கும் கடமை ஐயுறுபவனைச் சார்ந்ததன்று, ஐயுறப்படுபவளையே சார்ந்தது என்னும் நெறியை அவள் அப்போது ஏற்றுக்கொண்டாள். குடும்ப அமைதிக்காக ஏற்றாள். பெரும்பாலான பெண்கள் ஏற்பது போல, எவருக்கும் தெரியாமல் ஏற்றாள்.

தேநீர்க் கடைக் காட்சி இதற்கு மறுபுறம். வேலையற்று அலையும் சுப்ரதோ ஒரு கடையில் அமர்ந்திருக்கையில், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஆரதி அறிமுகமான ஓர் ஆடவரோடு அங்கு வந்து அமர்கிறாள். அவன் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிறான். அந்த ஆடவர் கணவரைப் பற்றி வினவ, அவர் நல்ல நிலையில் தொழில் நடத்துவதாக ஆரதி கூசாது கூறுகிறாள். மனைவியின் களங்கத்துக்குச் சான்று தேட அவன் செவியைத் தீட்டினான். அச்செவியில் விழுந்ததோ, அவனுடைய மானத்தைக் காக்க அவள் சொன்ன பொய். அனில் சட்டர்ஜியின் முகம் அந்த இடத்தில் எத்தனை உரையாடல்களுக்கு ஈடு! இல்லறத்தில் பொய் எப்போது அன்பாகிறது, எப்போது இழிவாகிறது என்பதை எளிதில் பிரித்துவிட இயலாது. அவள் அவனைக் காத்தாள் என்பது மெய். வேலையற்ற கணவன் வெளியில் சொல்லத் தகாதவன் என்று அவளும் கருதினாள் என்பதும் மெய்யே.

இந்நிலையில் எடித் நோயுற்றுச் சில நாள் வேலைக்கு வராதிருந்து திரும்புகிறாள். நிறுவனத் தலைவர் ஹிமான்ஷு முகர்ஜி அவள் நோயுற்றிருந்ததை நம்பவில்லை. ஆடவரோடு சுற்றித் திரிந்தவள் என்று பழித்து அவளை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். முகர்ஜியும் திரைப்படக் கயவர்களின் வார்ப்பில் வந்தவர் அல்லர். ஆரதியின் திறமையை மெச்சுபவர். சுப்ரதோவும் தம்மைப் போலப் பாப்னாக்காரன் என்றறிந்ததும் உவகையோடு உபசரித்து, அவனுக்கும் வேலை தேடித் தருவதாக வாக்களித்தவர். அவருடைய பரிவும் கொடுமையும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஊர்க்காரன் என்னும் வேலிக்கு உள்ளே இருப்பவர்க்குப் பரிவு. வேலிக்கு வெளியே இருக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணுக்கு விசாரணையுமில்லை. அவளுடைய உடையும் மொழியுமே போதிய சான்றாகிவிட்டன.

அழுதுகொண்டிருக்கும் எடித்தைக் கண்ட ஆரதி முகர்ஜியின் அறைக்குள் சென்று, அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள். அவர் வியப்புறுகிறார், பிறகு சினமுறுகிறார். இது உன்னைப் பற்றியதல்லவே என்பது அவர் நிலை. ஆனால் அது ஆரதியைப் பற்றியதே. கைப்பையிலிருந்த உதட்டுச் சாயத்தைக் கண்டு கணவன் கொண்ட ஐயமும், எடித்தின் உதட்டைக் கண்டு முகர்ஜி கொண்ட ஐயமும் வெவ்வேறல்ல. முன்னதற்கு அவள் அஞ்சிப் பணிந்தாள். அதே ஐயம் இன்னொருத்தியின்மீது பாயும்போதுதான் அதன் முழு உருவத்தையும் அவள் காண்கிறாள். தன்மேல் விழும் பழியைத் துடைப்பதிலேயே முனைந்திருப்பவளுக்கு அப்பழியின் அநீதி தெரிவதில்லை; தான் துடைத்துவிட்டோமா என்னும் கவலை மட்டுமே தெரிகிறது. பிறள் முகத்தில் அதைக் காணும்போது துடைக்க ஒன்றுமில்லை, எதிர்க்கவே முடியும். ஆரதி வேலையைத் துறந்து வெளியேறுகிறாள். முதலில் எழுதப்பட்ட பணிவிலகல் கணவனின் மானத்துக்காக. இது அவளே எடுத்த முடிவு.

அவள் செய்தது சரியா? இவ்வினாவுக்குக் கைதட்டலோடு விடை கூறுவது எளிது, அது நேர்மையாகாது. மாமியார் நாளை அடுப்பில் எதை ஏற்றுவார்? முதியவரின் மருந்துக்கு யார் பணம் தருவார்? கணவனுக்கு வேலை தருவதாகச் சொன்னவரின் வாசலும் அடைபட்டுவிட்டதே! தன் மனச்சான்றின் தூய்மைக்காகப் பிறர் பசியைச் செலவிட ஒருவருக்கு உரிமையுண்டா? குடும்பத்தைக் கேட்காமல் சுப்ரதோ முடிவெடுத்தது பிழையென்றால், அவனைக் கேட்காமல் அவள் முடிவெடுத்ததும் பிழையன்றோ? மேலும், அவள் விலகியதால் எடித்துக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பயன் நோக்கி அறத்தை அளப்போர் இதனை வீண்செயல் என்றே தள்ளுவர்.

இத்தடைகள் வலியவை. எனினும் ஒன்றை எண்ண வேண்டும். அவள் வாய்மூடி அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால், மறுமாதம் முதல் அவள் பெறும் ஊதியத்தில் ஒரு பகுதி விற்பனைக்கு உரியதாகவும், மறுபகுதி மௌனத்துக்கு உரியதாகவும் இருக்கும். கண்ணாடிமுன் நின்று அவள் பார்த்து மகிழ்ந்த அந்தப் பணத்தாள்களின் பொருள் மாறிவிடும். தனக்கு மதிப்பைத் தந்த வேலை, மதிப்பைக் கொடுத்து வாங்கும் வேலையாகிவிடும். பசிக்காக அப்படி வாழ்வோர் கோடிப் பேர். அவர்களை இகழ எவருக்கும் தகுதியில்லை. அவர்களுள் ஒருத்தி ஒரு பிற்பகலில் இயலாது என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக அவளைப் பொறுப்பற்றவள் என்பதும் தகாது. குடும்பப் பொறுப்பு என்னும் சொல் ஆணைக் கோழையாக்குவதற்கும் பெண்ணை ஊமையாக்குவதற்கும் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது!

இதைச் சுப்ரதோவே உணர்ந்து பேசுவதுதான் படத்தின் இறுதிப் பகுதி. படியிறங்கி வரும் ஆரதி கீழே கணவனைக் கண்டு அஞ்சி நடுங்குகிறாள். செய்ததைச் சொல்லி அழுகிறாள். அவன் முதலில் திகைக்கிறான். பின், தனக்கு வந்திராத துணிவு அவளுக்கு வந்தது என்றும், வயிற்றுப்பாடு தங்களைக் கோழைகளாக்கிவிட்டது என்றும் ஒப்புக்கொள்கிறான். இவ்வளவு பெரிய நகரத்தில் இருவரில் ஒருவருக்கேனும் வேலை கிடைக்காதா என்று இருவரும் தேறுகின்றனர். வேலையுள்ள கணவன், வேலையற்ற மனைவி என்றோ, வேலையுள்ள மனைவி, வேலையற்ற கணவன் என்றோ இருந்த காலமெல்லாம் அவர்களிடையே ஒரு தராசு தொங்கியது. இருவரும் வெறுங்கையராக நிற்கும் அந்த நேரத்தில்தான் தராசு காணாமற்போகிறது.

அழகிய முடிவே. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தன் மனச்சான்றின்படி ஒழுகியவள் கணவனின் ஒப்புதல் கிடைத்த பிறகே கண்ணீரைத் துடைக்கிறாள். அவன் சினந்திருந்தால் அவள் செய்தது தவறாகியிருக்குமோ? அந்த வினாவை எதிர்கொள்ளாமல், கணவனை நல்லவனாக்கி ரே தப்பிவிடுகிறார். மற்றொன்று எடித்தைப் பற்றியது. ஆரதியின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோலாகப் பயன்பட்டபின் அவள் கதையிலிருந்து மறைந்துபோகிறாள். அவள் வீட்டில் யார் யார் பசித்திருக்கிறார்கள், அவளை எவர் தேற்றினார் என்று கேட்பார் இல்லை.

அலுவலகங்கள் விடும் நேரம். ஆரதியும் சுப்ரதோவும் தெருவில் இறங்கி, வீடு திரும்புவோர் கூட்டத்தில் கலந்துவிடுகின்றனர். வீட்டை அடைந்ததும் பிரியகோபாலிடம் செய்தியைச் சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள் என்பதைப் படம் காட்டவில்லை.